மின்சார மோட்டாருக்குச் சாவடி எங்கே?

ஒசூரிலும் போச்சம்பள்ளியிலும் இன்று மின்சார வண்டிகள் ஆயிரக்கணக்கில் உருவாகி வெளியேறுகின்றன. ஒசூரில் டி.வி.எஸ். கம்பெனியார் நெடுங்காலமாகத் தொழில் நடத்தி வருகின்றனர். ஏதர் கம்பெனியார் 2021-ம் ஆண்டில் அங்கே தொழிற்சாலை திறந்தனர். அதே ஆண்டில் போச்சம்பள்ளியில் 500 ஏக்கர் நிலத்தில் ஓலா கம்பெனியாரின் தொழிற்சாலை எழுந்தது. 2004-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கிருஷ்ணகிரி ஜில்லா தனியே பிரிக்கப்படும் வரை இவ்விரண்டு ஊர்களும் தருமபுரி ஜில்லாவைச் சேர்ந்தவையே. இவை செய்வன இரு சக்கர வண்டிகள். நான்கு சக்கர மின்சார மோட்டாருக்கோ ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. 2025 ஆகஸ்டு முதல் தூத்துக்குடியில் வியத்நாம் தேசத்து வின்ஃபாஸ்ட் கம்பெனியாரின் தொழிற்சாலையும் இருக்கிறது. ஆகவே, மின்சார வண்டி செய்வதில் தமிழ்நாடு பின்தங்கியிருக்கிறதென்று எவரும் குறை கூற முடியாது.

ஆனால், அரூரில் மஞ்சள் வியாபாரம் செய்யும் ஒருவரோ, பென்னாகரத்தில் வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரோ, இவ்வண்டிகளில் ஒன்றை நம்பி வாங்கலாமா? வாங்கினால் எவ்வளவு தூரம் போகலாம்? போன இடத்தில் மின்சாரம் ஏற்றிக் கொண்டு திரும்ப வழியுண்டா? இந்தச் சாதாரணக் கேள்விகளுக்குத் தருமபுரி ஜில்லாவாசிக்கு நேரான விடை சொல்வார் இல்லை. விளம்பரக்காரர் ஒரு கணக்குச் சொல்கிறார். சர்க்கார் அறிக்கை வேறொரு கணக்குச் சொல்கிறது. சாலையோ இரண்டுக்கும் கட்டுப்படாத தனிக் கணக்கு வைத்திருக்கிறது. இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளம்பரத்தின் கணக்கு

டாடா கம்பெனியாரின் நெக்ஸான் மின்சார மோட்டார் 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோது, ஒருமுறை மின்சாரம் நிரப்பினால் 312 கிலோமீட்டர் ஓடும் என்று சான்று பெற்றிருந்தது. அதன் பாட்டரியின் கொள்ளளவு 30.2 யூனிட். பின்னர் பாட்டரி பெரிதாகி 45 யூனிட் ஆயிற்று. சான்றும் 489 கிலோமீட்டர் ஆயிற்று. இவை பொய்யான எண்கள் அல்ல. பரிசோதனைச் சாலையில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, விதித்த வேகத்தில் விதித்த நேரம் ஓட்டி அளந்த எண்கள். ஆயினும் அப்பரிசோதனையின் விதிகளைச் சற்று நோக்க வேண்டும். அதன் சராசரி வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கும் குறைவு. உச்ச வேகமே 90 கிலோமீட்டர். அதுவும் சில விநாடிகளுக்குத்தான். குளிர்சாதனம் இயங்குவதில்லை. மேடு பள்ளம் இல்லை. எதிர்க்காற்று இல்லை. பின் ஆசனத்தில் மாமியாரும் குழந்தைகளும் இல்லை. மேலே மூட்டையும் இல்லை.

பங்குனி வெய்யிலில், நான்கு வழிச் சாலையில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் குடும்பஸ்தனுக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்? வேகம் 80-லிருந்து 100-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. பெட்ரோல் வண்டியிலும் இதே நியாயந்தான். ஆனால் பெட்ரோல் வண்டிக்காரன் அதைக் கவனிப்பதில்லை; ஏனெனில் அடுத்த பங்கு பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிறது. மின்சார வண்டிக்காரன் ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணிக் கொண்டு போகிறான்.

கம்பெனியாரே இப்போது இதை ஒருவாறு ஒப்புக்கொண்டு விட்டனர். 489 கிலோமீட்டர் என்று சான்று பெற்ற அதே மோட்டாருக்கு, வாங்குவோரில் முக்கால்வாசிப் பேர் நடைமுறையில் அடையக்கூடிய தூரம் 350 முதல் 370 கிலோமீட்டர் என்று டாடா கம்பெனியாரே வெளியிட்டிருக்கிறார்கள். நகர ஓட்டத்துக்கு ஒன்றும் வெளிச்சாலை ஓட்டத்துக்கு ஒன்றுமாகச் சேர்த்துச் சான்று காட்டும் வழக்கமும் சில ஆண்டுகளாக வந்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கது. எனினும் விளம்பரத்தில் பெரிய எழுத்து எதற்கு, சிறிய எழுத்து எதற்கு என்பதை வாசகர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்துக் கொள்ளலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மயக்கம் தரும் விளம்பரத்தைத் தண்டிக்க இடம் தந்திருக்கிறது. அச்சட்டத்தின் கீழ் கொஞ்சம் அக்கறை காட்டினாலே, சிறிய எழுத்துக்கள் தாமே பெரியவை ஆகிவிடும் என்பது நமது அபிப்பிராயம்.

சாலையின் கணக்கு

இனித் தருமபுரிக்கு வருவோம். பெங்களூரிலிருந்து சேலம் சுமார் 200 கிலோமீட்டர். இதில் சேலத்திலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் தருமபுரி இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரம்; தருமபுரி சுமார் 460; சேலம் சுமார் 280. அதாவது, தெற்கே வருகிறவன் இறங்கி வருகிறான். வடக்கே போகிறவன் ஏறிப் போகிறான். பெட்ரோல் காலத்தில் இதை லாரிக்காரரைத் தவிர யாரும் பெரிதாக நினைத்ததில்லை. மின்சார மோட்டார் இந்தப் பழைய பூகோளப் பாடத்தை மீண்டும் நம் முன் விரித்திருக்கிறது.

ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டியை 640 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று ஹைஸ்கூல் மாணவனே கணக்கிட்டு விடலாம்: சுமார் 2.8 யூனிட். வழியில் ஏற்படும் நஷ்டங்களையும் சேர்த்தால் மூன்று யூனிட்டுக்கு மேல். வெளிச்சாலையில் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது இருபது கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமானம். இந்த ஏற்றமும் வழி நெடுகச் சமமாகப் பரவியிருக்கவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூருக்குப் போகும் ஐம்பது கிலோமீட்டரில்தான் ஏறக்குறைய 400 மீட்டர் ஏற வேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரியில் மீதியுள்ள யூனிட்டைப் பார்த்து, “இதுவரை இப்படி வந்தது, இனியும் அப்படியே போகும்” என்று எண்ணுகிறவன் சூளகிரி மேட்டில் ஏமாறுவான். முப்பது யூனிட் பாட்டரி உள்ள சிறிய மோட்டார், சேலத்திலிருந்து முழுவதும் நிரப்பிக் கொண்டு புறப்பட்டாலும், நெடுஞ்சாலை வேகத்தில் பெங்களூர் வரை நிற்காமல் போய்ச் சேரும் என்று எண்ணுவதற்கில்லை. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நின்றுதான் போக வேண்டும்.

இறங்கும்போது சங்கதி வேறு. மின்சார மோட்டார் பள்ளத்தில் இறங்குகையில் அதன் யந்திரமே டைனமோவாக மாறி, வண்டியைப் பிடித்து நிறுத்துவதோடு, செலவழிந்த சக்தியில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பித் தருகிறது. தொப்பூர்க் கணவாயை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். டீசல் மிச்சம் பிடிப்பதற்காகக் கியரை விலக்கிவிட்டு லாரியை இறக்கத்தில் உருள விடுவதும், பிரேக் சூடேறிப் பிடி தளர்வதும், முன்னே போகும் சிறு வண்டிகள் நசுங்குவதும் அக்கணவாயில் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கின்றன என்பதைத் தருமபுரி ஜில்லாவாசிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிக்கனத்துக்காகக் கியரை விலக்குகிற அதே இறக்கத்தில், மின்சார வண்டிக்குக் கியரோடு பிடித்து இறங்குவதே சிக்கனம். பெரிய லாரிகளும் மின்சாரத்துக்கு மாறும் நாள் வரும்போது, தொப்பூருக்கு அதனால் விளையும் நன்மை பெட்ரோல் மிச்சத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும்: பாட்டரி முழுவதும் நிரம்பியிருந்தால், திரும்பி வரும் சக்தியை வாங்கிக் கொள்ள இடமிராது, அப்போது இந்தப் பிடிப்பும் குறையும், சாதாரணப் பிரேக்கையே நம்ப வேண்டும். இறக்கத்துக்கு முந்திய ஊரில் விளிம்பு வரை நிரப்புவது புத்திசாலித்தனமன்று.

மின்சாரம் ஏற்றும் வழிகள்

மின்சாரம் ஏற்றுவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வீட்டிலுள்ள பதினைந்து ஆம்பியர் பிளக். முப்பது யூனிட் பாட்டரியை நிரப்ப இதில் எட்டு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும் ஆகும். இராத்திரி மாட்டினால் விடியற்காலையில் தயார். இரண்டாவது, சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் பெட்டி; அதில் நேரம் பாதிக்கும் கீழே குறையும். மூன்றாவது, சாலையோரத்தில் ஆளுயரம் நிற்கும் வேகப் பெட்டி. 50 கிலோவாட் பெட்டியில் பத்து சதவீதத்திலிருந்து எண்பது சதவீதம் வரை சுமார் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். எண்பதுக்கு மேல், பாட்டரியைக் காப்பாற்றுவதற்காக வேகம் தானே தணிந்துவிடும். ஆகவே எண்பது ஆனதும் இடத்தை விட்டு அடுத்தவருக்கு வழிவிடுவதே மரியாதை.

இம்மூன்றில் தருமபுரி ஜில்லாவுக்கு உகந்தது முதலாவதே என்று முதலில் தோன்றும். கிராமத்தில் சொந்த வீடும் வாசலும் உள்ளவனுக்கு, பெங்களூர் மாடிக் கட்டிடத்தில் குடியிருப்பவனுக்கு இல்லாத வசதி இருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தருமபுரிக் கோர்ட்டுக்கு வந்து போகும் வக்கீலுக்கு இராத்திரி பிளக்கே போதும், வேறெதுவும் வேண்டாம். ஆனால் இங்கும் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன.

முதல் முடிச்சு, எர்த் கம்பி. பல கிராம வீடுகளில் எர்த் என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. விளக்கும் விசிறியும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மின்சார மோட்டாரின் கருவியோ எர்த் சரியில்லையென்றால் மின்சாரம் வாங்க மறுத்துவிடும். வண்டியில் கோளாறு என்று விற்பனைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழி தோண்டுவது நலம்.

இரண்டாவது முடிச்சு, மின்சாரக் கட்டணம். நம் ராஜ்யத்தில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 500-க்கு மேற்பட்டதற்கு மட்டுமன்றி, 100-க்கும் 200-க்கும் இடைப்பட்ட யூனிட்டுகளுக்குரிய சலுகை விலையும் மறைந்து விடுகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டு மாதத்தில் வண்டிக்கு மட்டும் 300 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஏற்கெனவே 250 யூனிட் செலவழிக்கும் குடும்பம் ஒரே தாண்டலில் மேற்படிக்குப் போய்விடும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் “வீட்டு மின்சாரத்தில் ஓட்டினால் செலவே இல்லை” என்று சொல்லி விற்பவர்கள் இந்தப் படிக்கட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சட்டத்தின் கணக்கு

வீட்டில் நிரப்பிக் கொண்டு அக்கம் பக்கம் போய் வருவது ஒரு பாதி. வெளியூர் போகிறவனுக்கும் வெளியூரிலிருந்து வருகிறவனுக்கும் வழிச் சாவடி வேண்டும். இதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, லைசென்ஸ் இல்லாமல் மின்சாரத்தை விநியோகிக்கவோ வியாபாரம் செய்யவோ கூடாது. அப்படியானால் ஹோட்டல்காரர் தம் வாசலில் பெட்டி வைத்து வழிப்போக்கரிடம் பணம் வாங்கலாமா? 2018-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி மத்திய மின்சார மந்திரி இலாகா இதற்கு விளக்கம் கூறியது. வண்டியில் ஏறும் மின்சக்தி பாட்டரியில் இரசாயன சக்தியாக மாறுகிறது. ஆகவே இது மின்சார விற்பனை அன்று, ஒரு சேவை. இதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது அவ்விளக்கம். யார் வேண்டுமானாலும் நிலையம் வைக்கலாம் என்ற கதவு அன்று திறந்தது. சாதுரியமான விளக்கம், நல்ல விளைவும் தந்தது. ஆனால் சேவை என்று பெயர் சூட்டியவுடன் மறுபக்கத்தில் வரி வந்து நின்றது. மின்சாரத்துக்குச் சரக்கு-சேவை வரி கிடையாது, சேவைக்கு உண்டு. 2023-ல் கர்நாடகத்து முன்தீர்ப்பு அதிகாரிகள் இச்சேவைக்கு 18 சதவீதம் வரி என்று தீர்த்தார்கள். வீட்டில் ஏற்றுகிறவனுக்கு இவ்வரி இல்லை. வழியில் ஏற்றுகிறவனுக்கு உண்டு. வண்டி வாங்கும்போது 5 சதவீத வரி என்று உற்சாகப்படுத்திவிட்டு, அதற்குத் தீனி போடும்போது 18 சதவீதம் வாங்குவது எந்தப் பொருளாதார சாஸ்திரம் என்பது நமக்கு விளங்கவில்லை.

2018-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி அதே இலாகா நிலையங்களுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. நகரங்களில் மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு நிலையம். நெடுஞ்சாலைகளில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். இந்த 25-ஐ 2024 செப்டம்பரில் வந்த புதிய விதிமுறை 20 ஆக்கியது. கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால், எந்த நகரங்களில், எந்தச் சாலைகளில் என்று பார்க்க வேண்டும். முதல் கட்டத்தில், 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட மாநகரங்களும், அவற்றை இணைக்கும் முக்கியச் சாலைகளும். இரண்டாம் கட்டத்தில் ராஜ்யத் தலைநகரங்கள் முதலிய பெரிய நகரங்கள். அதற்கு மேல் கட்டம் இல்லை.

இந்தப் பட்டியலில் தருமபுரி எங்கே வருகிறது? பெங்களூரின் சாலை என்ற ஹோதாவில் வருகிறது. தருமபுரி என்ற ஜில்லா, 15 லட்சம் ஜனங்கள், அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கிராமவாசிகள் என்ற ஹோதாவில் வரவில்லை. பெங்களூரிலிருந்து சேலத்துக்கும் மதுரைக்கும் போகிறவன் இடையில் நின்று காபி குடித்துவிட்டுப் போகும் இடமாக மட்டுமே விதி இந்த ஜில்லாவைக் கண்டிருக்கிறது. அதன்படியே நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் வேகப் பெட்டிகள் தோன்றியிருக்கின்றன. அவற்றை நாம் குறை சொல்லவில்லை. கோயம்புத்தூரில் தொடங்கிய ஸியான் போன்ற நம்மூர் ஸ்தாபனங்களும் இத்தொழிலில் முதலீடு செய்து நடத்துவது சந்தோஷமே. ஆனால் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே நாற்பத்தைந்து கிலோமீட்டரில் ஒகேனக்கல் இருக்கிறது. கிழக்கே நாற்பது கிலோமீட்டரில் அரூர் இருக்கிறது. அதற்கப்பால் சித்தேரி மலை இருக்கிறது. சுப்பிரமணிய சிவா 1925-ல் உயிர்நீத்த பாப்பாரப்பட்டி இருக்கிறது. தொழுநோயைக் காரணம் காட்டி அன்னிய சர்க்கார் அவரை ரயிலேற விடாமல் தடுத்தபோது, கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்றவர் அவர். அவருடைய ஊருக்குப் போகும் சாலை இன்றும் விதியில் இடம்பெறவில்லை.

பெட்டி இருந்தும் பயனில்லாத விதம்

பெட்டி வைத்தால் மட்டும் போதுமா? 2018-ம் ஆண்டு விதி, ஒவ்வொரு நிலையத்திலும் ஐந்து விதமான இணைப்புகள் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அவற்றுள் ஒன்று ஜப்பானியர் வகுத்த முறை. அதற்குரிய வண்டி நம் சாலைகளில் அநேகமாக இல்லை. மற்றொன்று, நமது சர்க்காரே வகுத்த 15 கிலோவாட் முறை. அப்பெட்டிகள் பல இடங்களில் நிறுவப்பட்ட பின், புதிய மோட்டார்கள் யாவும் ஐரோப்பிய இணைப்பை மேற்கொண்டுவிட்டன. வண்டி ஒரு வாயும் பெட்டி வேறொரு வாயுமாக நின்றன. மறு ஆண்டு அக்கட்டளை தளர்த்தப்பட்டது. அதற்குள் செலவழிந்த பணம் செலவழிந்ததுதான்.

இப்போதுள்ள குறை வேறு. சென்ற கோடையில் நாம் சேலத்திலிருந்து வடக்கே போகையில், வரைபடத்தில் “தயார்” என்று காட்டிய ஒரு நிலையத்தில் நின்றோம். பெட்டியின் முகம் இருண்டிருந்தது. அதில் எழுதியிருந்த டெலிபோன் எண் மணியடித்துக் கொண்டேயிருந்தது. காவற்காரர், “இது பத்து நாளாய் இப்படித்தானுங்க, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க” என்று நிதானமாகச் சொன்னார். அடுத்த நிலையத்தில் பெட்டி வேலை செய்தது. ஆனால் அதற்கு வேறொரு கம்பெனியின் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, முன்பணம் கட்டி, இரகசிய எண் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு செயலி, ஒரு பணப்பை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே செயலி பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ் ஸ்தாபனத்தின் பொறுப்பில் வரும் என்று 2025-ல் மத்திய சர்க்கார் அறிவித்தது. சீக்கிரம் வரட்டும்.

பெட்ரோல் பங்கில் ஒரு மனிதன் நிற்கிறான். குழாய் பழுதென்றால் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். அந்தக் காலத்துச் சத்திரத்திலும் ஒரு மணியக்காரன் இருந்தான். பாரவண்டி மாடு ஒரு நாளில் நடக்கும் தூரத்தை அறிந்து, தண்ணீரும் நிழலும் சுமைதாங்கியும் வைத்தவர்கள் நம் முன்னோர். கிணறு தூர்ந்தால் கேட்பதற்கும் அங்கே ஆள் இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயு அடுப்பைப் பின்னால் கட்டிக் கொண்டு நம் பஸ்கள் ஓடின. மேட்டில் மூச்சு வாங்கும், பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள், ஆனாலும் அடுப்பைக் கிளறுவதற்கென்று ஒருவன் கூடவே வந்தான். மின்சாரப் பெட்டிக்குத்தான் யாரும் இல்லை. தருமபுரியைக் கடக்கும் இதே நெடுஞ்சாலையில் பணம் வாங்கும் சாவடிகள் கிருஷ்ணகிரியிலும் தொப்பூரை அடுத்த பாளையத்திலும் இரவு பகல் ஓயாமல் வேலை செய்கின்றன. அவை ஒருநாளாவது இருண்டு கிடந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. எத்தனை மணி நேரம் பெட்டி வேலை செய்தது என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும், குறைந்தால் மானியத்தைப் பிடித்துக் கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டால், காவற்காரருக்கும் பெட்டிக்கும் சம்பந்தம் ஏற்பட்டுவிடும்.

எங்கே வைப்பது?

“தருமபுரி ஜில்லாவின் உட்பகுதிகளில் மின்சார மோட்டாரே அதிகமில்லையே, யாருக்காகப் பெட்டி வைப்பது?” என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். பெட்டி இல்லாததால் வண்டி வாங்கவில்லை. வண்டி இல்லாததால் பெட்டி வைக்கவில்லை. இந்த வட்டத்தை யாராவது ஒரு பக்கத்தில் உடைக்க வேண்டும். 1932-ல் பைகாராவிலும் 1937-ல் மேட்டூரிலும் மின்சாரம் பிறந்தபோது, கிராமங்களில் பம்பு செட்டு வைத்திருந்தவர் எத்தனை பேர்? கம்பி முதலில் போயிற்று. பம்பு செட்டு பின்னால் வந்தது. அந்த மேட்டூர் அணையின் நீர் இன்றும் பென்னாகரம் தாலூகாவின் ஓரத்தைத் தொட்டு நிற்கிறது.

பணமும் இல்லாமலில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். ஈ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் நிலையங்களுக்கென்றே 2,000 கோடி ஒதுக்கப்பட்டது. 2025-ல் வெளியான அதன் விதிமுறைப்படி, பொதுமக்கள் தடையின்றி வரத்தக்க சர்க்கார் கட்டிடங்களில் நிலையம் வைத்தால் முழுச் செலவுக்கும் மானியம் உண்டு. இங்கும் பெரிய நகரங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்குமே முதலிடம் என்பது மெய். ஆனால் கேட்கிற ராஜ்யத்துக்குத்தான் கிடைக்கும். கேட்கிற ஜில்லாவைத்தான் ராஜ்யம் நினைக்கும். சென்னையில் இப்பொறுப்பு தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்திடம் இருக்கிறது. அதன் மேஜைக்குத் தருமபுரியிலிருந்து ஒரு விண்ணப்பம் போக வேண்டும்.

என்ன கேட்பது? விலையுயர்ந்த 50 கிலோவாட் பெட்டிகளை நாம் கேட்கவில்லை. மனிதர்கள் எங்கே மணிக்கணக்கில் நிற்கிறார்களோ, அங்கே 7 கிலோவாட் சிறு பெட்டிகள் நான்கைந்து போதும். தருமபுரிக் கோர்ட்டு வளாகத்தில் வக்கீல்களின் வண்டிகள் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை சும்மா வெய்யிலில் காய்கின்றன. சூரிய மின்சாரம் மிகுந்து கிடக்கும் நேரமும் அதுதான். தருமபுரி சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் தாலூகா ஆபீசுகள், பஸ் நிலையங்கள் ஆகிய யாவும் இவ்வகைதான். கார் இல்லாத ஏழைக்கும் இப்பெட்டிகளில் பங்குண்டு. பக்கத்தில் இரண்டு சாதாரணப் பிளக்குகள் வைத்தால், போச்சம்பள்ளியில் செய்த ஸ்கூட்டரில் காய்கறி விற்க வருகிறவரும் மாட்டிக் கொள்ளலாம். கிராம சபையிலும் நகரசபையிலும் வாயுள்ள நமது ஊழியர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டு வரலாம். ஒரு தாளில் ஐந்து வரி போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒகேனக்கல்லைச் சொல்வோம். பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாக அங்கே போய்த் திரும்ப 360 கிலோமீட்டர். திரும்பும் வழி முழுவதும் ஏற்றம். நாற்பத்தைந்து யூனிட் பாட்டரிக்கே இது கடினம். சிறிய வண்டிக்கு நடவாத காரியம். வந்தவர்களோ எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசலில் போய், மீன் வறுத்துச் சாப்பிட்டு எழுந்திருக்க மூன்று நாலு மணி நேரம் ஆகிறது. 7 கிலோவாட் பெட்டியில் மூன்று மணி நேரம் மாட்டியிருந்தால் இருபது யூனிட்டுக்கு மேல் ஏறும். நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அது போதும். சுற்றுலாக் கழகத்தின் தமிழ்நாடு ஹோட்டல் அங்கே இருக்கிறது, வண்டி நிறுத்தும் மைதானம் இருக்கிறது, கம்பி இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கு விழாவை ஜில்லா நிர்வாகமே அங்கு முன்னின்று நடத்துகிறது. கலெக்டர் இன்று உத்தரவு போட்டால், அடுத்த ஆடிப் பதினெட்டுக்கு முன் அம்மைதானத்தில் பத்துப் பெட்டிகளை நிறுத்திவிடலாம்.